பத்து மணிக் கைப்பிடி

முதல் வரைபடம் ஒரு முட்டை அட்டையின் பின்புறத்தில் பிறந்தது.
யெர்கோ வரைந்தான்:
நீளம் இரண்டே கால் மீட்டர், அகலம் எழுபது சென்டிமீட்டர்,
வலது முனையில் வைஸ்.
நான் அதை அழித்து இடது முனையில் போட்டேன்.
அவன் திரும்ப வலதுக்கு இழுத்தான்.
அட்டையில் ஓட்டை விழுந்தது.

எனக்கு இடக்கைப் பழக்கம்.
அவன் அகராதியில் அதற்குப் பெயர் இடக்கு.

புந்தா அரேனாஸில் காற்று கதவைத் தட்டுவதில்லை.
உள்ளே வந்து
ஆணிகளை ஒரு தட்டிலிருந்து இன்னொரு தட்டுக்கு
மாற்றி வைத்துவிட்டுத்தான் போகும்.
எனவே திறந்த தட்டுகள் வேண்டாம், எல்லாம் இழுப்பறை
என்றான்.
கண்ணில் படாத கருவியை
மனிதர் மறுபடி காசு கொடுத்து வாங்குவார் என்றேன்.
சாட்சிக்குப் பழைய பெட்டிகளைத் தரையில் கவிழ்த்தோம்.
பதின்மூன்றாம் எண் ஸ்பேனர் ஏழு.
பத்தாம் எண், ஒன்றுகூட இல்லை.

அப்புறம் உயரம்.
நிமிர்ந்து நின்று, கையைத் தொங்கவிட்டு,
தரையிலிருந்து மணிக்கட்டு வரை அளந்தோம்.
அவனுக்குத் தொண்ணூற்றாறு. எனக்கு எண்பத்தொன்று.
நடுவில் வெட்டினால் நியாயம்தான்,
இரண்டு முதுகும் சமமாக வலிக்கும்.
அவன் உயரத்துக்கே கால்களை அறுத்தோம்.
எனக்கு ஒரு மிதிபலகை,
அதைச் செருகி வைக்க அடியில் ஒரு பொந்து.
அன்று முழுக்க
விட்டுக்கொடுத்தவள் நான் என்ற நினைப்பிலேயே இருந்தேன்.
மறுநாள் வந்து பார்த்தால்
இடது முனையில் நான்கு துளை போட்டு
ஊதிக்கொண்டிருந்தான், வாயெல்லாம் மரத்தூள்.

மேற்பலகை லெங்கா மரம், அதன்மேல் துத்தநாகத் தகடு.
இழுப்பறைகள் ஆழமில்லை, ஒன்றன்மேல் ஒன்று ஏறிப் படுக்க
எந்தக் கருவிக்கும் இடம் கிடையாது.
உளி, அரம், குறடு, திருப்புளி,
ஒவ்வொன்றையும் படுக்க வைத்து
சுற்றிலும் பென்சில் ஓட்டி
அதனதன் உடம்பளவுக்குக் குழி தோண்டினேன்.
வெறுங்குழி தெரிந்தால் போதும்,
எதைத் தேட வேண்டும் என்று குழியே சொல்லும்.

பைப் ரெஞ்சு மட்டும் வீட்டில் இல்லை.
எலியாசர் மான்ஸில்யா இரவல் கொண்டுபோய் இரண்டு வருடம்.
ஆள் நண்டு பிடிக்கத் தெற்கே போயிருந்தார்.
ஞாபகத்தை வைத்தே அதற்கும் குழி எடுத்தேன்.
ஜூலையில் கொண்டுவந்தார்,
துருவோடு, ஒரு நண்டுக்காலும் சேர்த்து.
வைத்தால் லொடலொடவென்று ஆடுகிறது.
கையில் இல்லாதபோது
இரண்டு விரற்கடை வளர்ந்திருக்கிறது போல.
அந்த இடைவெளியில் இப்போது பென்சில் கிடக்கிறது.

எல்லாம் பூட்டி, எண்ணெய் தடவி,
இடது மேல் இழுப்பறையை இழுத்தேன்.
நான்கு விரல் வந்து நின்றுவிட்டது.
வைஸின் கைப்பிடி குறுக்கே தொங்குகிறது.
பதினோரு வரைபடம் போட்டோம்.
ஒன்றில்கூட எதுவும் சுழலவில்லை.

கழற்றிவிடலாம், வலதில் மாட்டிக்கொள்ளலாம்
என்று அவன் சொல்வான் எனக் காத்திருந்தேன்.
குனிந்து பார்த்தான்.
கைப்பிடியை மேலே தள்ளி, கடிகாரத்தில் பத்து மணி போலச்
சாய்த்து நிறுத்தினான்.
இழுப்பறை வழுக்கிக்கொண்டு வந்தது.

வாடிக்கையாளர் யாராவது அதை வெடுக்கென்று இழுத்து,
திட்டத் தொடங்குவார்.
மோட்டாரிலிருந்து தலை தூக்காமல்
இருவரும் ஒரே குரலில் சொல்வோம்,
பத்து மணி.

பட்டறை திறப்பது எட்டுக்கு.
இரவெல்லாம் காற்று தகரச் சுவரை உலுக்கியதில்
கைப்பிடி ஆறு மணியில் தொங்கிக்கொண்டிருக்கும்.
முதலில் வருகிறவர் அதைப் பத்தாக்க வேண்டும்.
பெரும்பாலும் யெர்கோதான்.
வலது கையில் மாத்தே கசாயக் குவளை.
இடது கையாலேயே தள்ளிவிடுகிறான்,
பாராமல்.