என்ன ஓடுது

ஐஸ் கம்பெனிக்குப் பின்னால் என் வீடு.
விடிகாலை ஏலத்தில் ஒரே கேள்வி:
"இன்னைக்கு என்ன ஓடுது?"
பத்து மணிக்குச் சென்னையிலிருந்து
அதே கேள்விக்கு விடையோடு
வேணுகோபாலின் அழைப்பு.
இங்கே நண்டு என்றால் அங்கே காட்டேரி.

வாடைக் காலம் முழுக்கக் காட்டேரிதான் ஓடியது.
பதினேழு வயது, கோரைப்பல், தங்கமான மனசு,
வெயில் பட்டால் சாம்பலாகிவிடுவான்.
பாம்பனில் அவனை எங்கே ஒளித்துவைப்பது?
பனைமரத்து நிழல் ஒரு முழம்கூடத் தேறாது.
நான் பாதி தாண்டுவதற்குள் காற்று மாறிவிட்டது.

கச்சானுக்கு உலகம் அழியத் தொடங்கியது.
மதில் சூழ்ந்த நகரம், எண் குத்திய பிள்ளைகள்,
தாண்டக் கூடாத ஒரு கோடு.
என் முதல் வாசகி நம்புப்ரியா,
பதினொன்றாம் வகுப்பு, சின்னப்பாலம்.
மூன்றே நாளில் முடித்துவிட்டு வந்து,
"கோட்டைத் தாண்டினா பிடிப்பாங்க,
போட்டைப் பறிச்சுக்குவாங்க, இதானேக்கா?
எங்க மாமா ரெண்டு தடவை உள்ள இருந்துட்டு வந்துட்டாரு.
அங்க சோறு எப்படின்னு நீங்க எழுதவே இல்லையே"
என்றாள்.

சோறு எழுதினேன். வேணுகோபால் வெட்டினார்.
வேகம் குறைகிறதாம்.

பிறகு கடல்கன்னி.
"உங்களுக்கென்ன மேடம், வாசல்லயே கடல்."
வாசலில் நிற்பது ஐஸ் லாரி என்று நான் சொல்லவில்லை.
இந்த முறையாவது உண்மையாய் எழுதுவோமென்று
நம்புப்ரியாவையே கதைக்குள் இறக்கினேன்:
சனி ஞாயிறு அம்மாவோடு வத்தையேறிப் போவது,
விரல்களில் சுற்றிய பழஞ்சேலைத் துணி,
மூச்சடக்கிப் பிடுங்கும் மரிக்கொழுந்துப் பாசி,
இறங்கக் கூடாத தீவு, வனத்துறை விசில்.
வால் மட்டும் கற்பனை.
என் எழுத்திலேயே நல்லது இதுதான் என்று
எனக்கு நானே சொல்லிக்கொண்டிருந்தேன்.

நாற்பத்தோராம் பக்கத்தை மடித்துத் திருப்பித் தந்தாள்.
"பாசி வேணாங்க்கா.
அது எனக்குத் தெரியும்."

பாலத்தில் ஒரு ரயில் போய் முடியும்வரை
இருவரும் பேசவில்லை.
"பின்னே என்னதான் வேணும்?"
போனைத் திருப்பிக் காட்டினாள்.
ஒற்றைக் கோடு சிக்னலில் திறக்கும் தொடர்கதை,
நூற்றெழுபத்தாறாம் அத்தியாயம்,
டிராகன் மேல் ஒருத்தி.
வரிக்கு இரண்டு எழுத்துப்பிழை.
காதலன் இளவரசனா அரக்கனா என்று
எழுதுகிறவளுக்கே இன்னும் தெரியவில்லை.
"இவ எங்க இறங்கினாலும்
யாரும் விசில் அடிக்கலக்கா."

பொறாமைதான். வேறென்ன.
அன்றிரவே ஒரு டிராகனைத் தொடங்கினேன்.
மூன்றாம் பக்கத்தில் அது கடலுக்குள் பாய்ந்ததும்
அவளிடமிருந்து ஒரே ஒரு திருத்தம் வந்தது:
தண்ணிக்குள்ள கண்ணைத் திறந்தா எரியும்,
டிராகனா இருந்தாலும்.
சேர்த்துக்கொண்டேன்.

புத்தகம் வந்தபோது மறு வாடை தொடங்கியிருந்தது.
"டிராகன் படுத்துடுச்சு மேடம்.
இப்ப சின்ன ஊரு, ஒரு கொலை, துப்பறியற பொண்ணு."
நாற்பது பிரதிகள் என் கட்டிலுக்கடியில்
ஈரம் குடித்து உப்பிக்கொண்டிருக்கின்றன.

நாற்பத்தொன்றாவது
சின்னப்பாலத்தில் வீடு வீடாகச் சுற்றுகிறது என்று கேள்வி.
மேலட்டை போய்விட்டதாம்.
நேற்று ஏலக் கூச்சலுக்கு நடுவே
பள்ளிச் சீருடையில் வந்து நின்றாள்,
இரண்டு விரல் நுனியில் பிளாஸ்திரி.
எட்டுப் பேர் கேட்கிறார்களாம்,
ரெண்டாம் பாகம் எப்போ?

கொலைக்கதை எழுதச் சொல்கிறார்கள் என்றேன்.
கொஞ்சம் யோசித்தாள்.
"அதையும் குடுங்க.
முதல்ல டிராகன்."