பதினொன்று புள்ளி நான்கு

சிலேசியாவில் எங்கள் தெருவுக்குப் பன்னிரண்டு வீடுகள்.
பன்னிரண்டும் கரிபிடித்த செங்கல்,
பன்னிரண்டுக்கும் புகைபோக்கி.
ஒரே ஒரு கூரையில்தான் எட்டு கறுப்புக் கண்ணாடிகள்.
அது என்னுடையது.
நிலக்கரி ஊரில் சோலார் பேனல் என்றால்
கசாப்புக்கடைச் சந்தில் கீரை விற்கிற மாதிரி.

ஏப்ரலில் ஒரு சனிக்கிழமை
என் கரன்ட் பில்லைக் கையில் பிடித்துக்கொண்டு
வீடு வீடாக ஏறி இறங்கினேன்.
எர்னா கதவைப் பாதி திறந்து
"நீ எந்தச் சபையிலிருந்து வருகிறாய்?" என்றாள்.
இருபது வருடமாக என்னைத் தெரியும் அவளுக்கு.
கடன் என்ற சொல் காதில் விழுந்ததும் யோஹிம்
தேநீரை ஆறவிட்டுவிட்டு எழுந்து போனான்.
ஏழாம் வீட்டில் நாய் மட்டும்
கடைசி வரை கேட்டது.

பொய் சொல்லி விற்கவில்லை நான்.
டிசம்பரில் இவை சோம்பேறிகள் என்றேன்.
பனி மூடினால்
கூரைமேல் படுத்திருக்கும் வெறும் கதவுகள்.
மூட்டமான நாளில் துணி ஒரு தடவை துவைத்தால்
அன்றைய கணக்கு தீர்ந்தது.
ஆனால் மே மாதம் இருக்கிறதே, என்று ஆரம்பிப்பேன்;
அதற்குள் கதவு சாத்தியிருக்கும்.

கின்ட்டர் மட்டும் உள்ளே கூப்பிட்டு உட்காரவைத்தார்.
சுரங்கத்தில் முப்பத்தோரு வருடம்.
இப்போது நாற்பது புறாக்கள்.
"பகலே பார்க்காமல்
இந்தத் தெருவுக்கு வெளிச்சம் அனுப்பியவன் நான்.
எனக்கே வெளிச்சம் விற்க வந்தாயா?"
கோபமில்லை குரலில்.
பதிலில்லை என்னிடம்.
பில்லை நான்காக மடித்துப் பையில் வைத்தேன்.

எதற்கு இந்த அலைச்சல் என்று தங்கை கேட்டாள்.
மதியத்தில் நான் மருந்துக்கடையில் நிற்கிறேன்.
என் கூரை விளைவித்தது கம்பி வழியே நழுவிப்போய்
எர்னாவின் சூப்பைக் கொதிக்கவைக்கிறது.
அவளுக்கு அது தெரியாது.
தெரிந்தால், உப்புக் குறைந்ததற்கும்
என்னைத்தான் திட்டுவாள்.
ஒற்றைக் கூரையாக இருப்பது
விருந்தில் ஒருத்தி மட்டும் பரிமாறுவது மாதிரி.
கை வலிக்கவில்லை.
சேர்ந்து உட்கார ஆளில்லை, அவ்வளவுதான்.

ஜூனில் கின்ட்டரின் புறாக்கள்
என் கண்ணாடிகளைக் கண்டுபிடித்தன.
காலையில் இளஞ்சூடு, கீழே நிழல்,
பூனை ஏற முடியாத உயரம்.
நாற்பதும் குடிவந்து நன்றிக்கடனாக
வெள்ளையடித்துவிட்டன.
வேலிக்கு மேலே எட்டி எண்ணை மட்டும் சொன்னேன்:
"போன வாரம் பதின்மூன்று யூனிட். நேற்று ஒன்பது."

மறுநாள் விடியலில் ஏணிச் சத்தம்.
நீளக் கழியில் கட்டிய பிரஷ், ஒரு வாளி,
என் கூரையில் கின்ட்டர்.
"என் பறவைகளின் கடன்" என்றார்,
வேறெதுவும் பேசவில்லை.
சாயங்காலம் வேலியருகே வந்து நின்றார்.
"இன்று எத்தனை?"
"பதினொன்று புள்ளி நான்கு."
ஷிஃப்ட் முடிவில் கரிவண்டி எண்ணுகிறவர் மாதிரி
தலையசைத்தார்.
"மேகம் இருந்தது. மோசமில்லை."

அதன்பின் தினமும் அதே கேள்வி.
ஜன்னலில் சாய்ந்திருந்த எர்னா ஒருநாள் கேட்டாள்:
"அது என்ன நம்பர்? லாட்டரியா?"
கின்ட்டரே விளக்கினார், நான் சொன்னதைவிட நன்றாக,
இன்வெர்ட்டரைத் தானே தோண்டி எடுத்தவர் போல.
இப்போது பேருந்து நிறுத்தத்தில் யோஹிம்
வணக்கம் சொல்வதில்லை.
"எத்தனை?" என்கிறான்.
சொன்னால், வாய்க்குள்
ஏதோ வகுத்துப் பார்க்கிறான்.

நேற்று கின்ட்டர் தன் கூரைமேல் நின்றார்,
முடிச்சுப் போட்ட கயிற்றோடு.
கீழே ஏணியைப் பிடித்துக்கொண்டு, முணுமுணுத்தபடி, எர்னா.
மேலே நாற்பதும் வட்டமிட்டுக்கொண்டிருந்தன.
"மூன்று மணிக்கு இந்தப் புகைபோக்கி நிழல்
எதுவரை வரும்?" என்று கத்தினார்.
சாக்பீஸ் எடுத்துக்கொண்டு ஓடினேன்.

ஆறா, எட்டா என்று இன்னும் முடிவாகவில்லை.
புறாக்களுக்கு இடம் விட வேண்டுமாம்.