சுருள் இல்லாத வருஷங்கள்

சியாத்துராவில் மலைக்கு மலை கம்பி.
கம்பியில் தொங்கும் தகரப் பெட்டிக்குள்
நின்றபடியே போவதும் வருவதும் என் உத்தியோகம்.
நாளுக்கு நாற்பது நடை.
அதே பள்ளம், மாங்கனீசு கழுவிக் கறுத்த அதே ஆறு.

முதலில் ஒரு ஸ்மேனா.
தம்பி பத்ரி பட்டாளத்திலிருந்து திரும்புகையில்
ஒரு ஜோடி பூட்ஸைக் கொடுத்து மாற்றி வந்தது.
சோப்பு டப்பா கனம்.
தூரம் வைக்கும் வளையத்தில் எண்ணோடு படமும் உண்டு:
ஒரு தலை, இரண்டு பேர், ஒரு கும்பல்,
கடைசியில் மலை.
நான் மலையிலேயே வைத்திருந்தேன்.
மனிதர்களிடம் எத்தனை மீட்டர் என்பது
எனக்கு எப்போதுமே குழப்பம்.

அக்காவின் கல்யாணத்தை முழுச் சுருளும் எடுத்தேன்.
ஜும்பெர் கடையில் கழுவி,
ஜன்னல் பக்கம் தூக்கிக் காட்டினார்:
தண்ணீர் மாதிரி தெளிவு.
பல்சக்கரத்தில் மாட்டவே இல்லையாம்.
சியாலா அக்கா இன்றைக்கும்
என் கையில் எதைக் கண்டாலும்,
குடையைக் கண்டாலும்,
"மாட்டியிருக்கிறாயா?" என்பாள்.

எண்பத்தேழில் ஜெனித்.
கண்ணை விற்றுச் சித்திரம் வாங்கக் கூடாதுதான்.
நான் விற்றது கம்பளி மேலங்கியை.
கண் அந்தக் குளிர்காலத்தில்தான் வந்தது.

அழுத்தினால் சுரங்கக் கதவு சாத்தும் ஓசை.
உள்ளே துணித் திரையில் ஒரு பொத்தல்.
அதனால் எல்லாப் படத்திலும் வலது மூலையில்
பட்டாணி அளவு வெள்ளைச் சூரியன்.
மழைப் படத்திலும், நள்ளிரவுப் படத்திலும்.
பழுது பார்க்கக் காசில்லை,
பிறகு மனசில்லை.
"இது கம்பிவண்டிக்காரி எடுத்தது" என்று
ஊரே மூலையைப் பார்த்துச் சொல்லும்.

அப்புறம் கரண்ட் போனது.
ஒரு ராத்திரிக்கு இல்லை,
வருஷக் கணக்கில்.
பெட்டிகள் பாதிக் கம்பியில் நின்றன.
ஜும்பெர் மெழுகுவர்த்தி விற்றார்,
அது தீர்ந்ததும் கடையின் அலமாரிகளை விறகாக விற்றார்.
சுருள் என்று கேட்டால் சிரித்தார்.

நான் வெறும் ஜெனித்தைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு
படியேறினேன், இறங்கினேன்.
நாளைக்கு மூன்று என்று எனக்கு நானே ரேஷன்.
மூன்றுக்கு மேல் அழுத்தினதில்லை,
உள்ளே ஒன்றும் இல்லாதபோதும்.
எதை அந்த மூன்றாக்குவது என்று
காலையிலிருந்து பார்ப்பேன்.
அப்படித்தான்
படம் பிடிப்பது பிடித்துப்போனது.

ரொட்டி வரிசையில் நின்றவர்கள்
என்னைக் கண்டதும் தலை வாரினார்கள்.
"எப்போ தருவே?"
"கரண்ட் வந்ததும்."
கூசாமல் சொன்னேன்.

குராமும் நின்றான், சுரங்க ஆள்.
எனக்கு அவனிடம் ஒரு மீட்டர் போதுமாயிருந்தது.
அழுத்தினேன், கதவு சாத்தியது.

மார்ச்சில் அவன் செத்துப்போனான். நுரையீரல்.
ஏப்ரலில் கரண்ட் வந்தது, இரண்டு மணி நேரம்.
அதற்குள் லாமாரா என் வாசலில்,
பணத்தை மடித்துக் கைக்குட்டையில் முடிந்து.

என்னிடம் இருந்ததைக் கொடுத்தேன்:
தொப்பி கொஞ்சம் பின்னால் தள்ளி.
இடது கை பையில்.
கக்கத்தில் ரொட்டி,
அதன் நுனியில் ஒரு கடி,
வீடு வரை பொறுக்காமல்.
பார்வை லென்ஸில் இல்லை, என் பூட்ஸில்.
ஒரு லேஸ் அவிழ்ந்திருந்தது,
சொல்லலாமா என்று யோசிக்கிற முகம்.

கண்ணை மூடிக் கேட்டாள்.
சுருள் இல்லை என்பதையும் சொன்னேன்.
அதற்கு அவள் ஒன்றும் சொல்லவில்லை.
கொஞ்ச நேரம் கழித்து,
"மூலையில் அந்தச் சூரியன் விழுந்திருக்குமா?"

விழுந்திருக்கும், லாமாரா.

இப்போது புதுப் பெட்டிகள், முழுக்கக் கண்ணாடி.
நான் டிக்கெட் வாங்கிப் போகிற கிழவி.
போனில் பதினோராயிரம் படம்,
பாதிக்கு மேல் என் கட்டைவிரல்.
ஆறு மட்டும் இன்னும் கறுப்பு.
இன்றைக்கு இரண்டு எடுத்தாயிற்று.