சிமியோனின் பச்சை

புளூமெண்டால் வீதி, மூன்றாம் இலக்கச் சரக்கறை.
பெட்டிகள் பன்னிரண்டு. ஈரக்கசிவு இல்லை.
ரிஃபாய் கடப்பாரையை விட்டு நெம்ப
உள்ளே கசங்கிய செய்தித்தாள்,
வலமிருந்து இடமாய் ஓடும் எழுத்து.
அதற்குள் கண்ணாடி.

காப்புறுதிப் படிவம் கேட்பது:
நிறம், அளவு, கீறல், உருவம்.

ஒவ்வொன்றாய் உருட்டுக்கதவின் வெளிச்சத்தில் பிடித்தோம்.
செபுலோன்: கப்பல், வெள்ளைப் பாய்.
துறைமுகத்துக் கிரேன் ஒன்று அதன் பின்னால் நகர்ந்து
சரக்கு இறக்கத் தொடங்கியது.
நப்தலி: மான், திராட்சைச் சாற்றின் நிறம்.
தாண்: பாம்பு.
வாலில் மயிரிழை விரிசல், நாலு சென்ரிமீற்றர்.
யூதா: சிங்கம்.
அதை மட்டும் ரிஃபாய் கீழே வைக்கவில்லை.
"மிஸ், இதுட கைல வாள் இல்லையே."
உருவம் என்ற கட்டத்தில் எழுதினேன்:
சிங்கம், வெறுங்கை.

எங்கும் ஒரு முகம் இல்லை.
ஆள் உருவம் ஆகாது என்ற கட்டளைக்கு அஞ்சிய கை
பிள்ளைகளை
மானுக்குள், ஓநாய்க்குள், ஒலிவ மரத்துக்குள்
ஒளித்து வைத்திருக்கிறது.
"யாகூப் நபிட புள்ளைகள்தானே,
யூசுபைக் கிணத்துல போட்டவங்க?"
அவர்கள்தான்.

கோத்திரம் என்கிறது எங்கள் வேதாகமம்.
அதே சொல்லைக் கொச்சிக்கடைக் கோயிலில்
அர்ச்சனைத் தட்டோடு நின்ற என் சிநேகிதியிடம் கேட்டார்கள்.
வெள்ளவத்தைப் பொலிசில்
வேறு சொற்களால் என்னிடம் கேட்டார்கள்:
எந்த ஊர், எதற்கு வந்தது, எத்தனை நாள் தங்கல்.
ஒரு மிருகத்தைக் காட்டித் தப்பியிருக்கலாம் அன்று.
நான் மான், ஐயா.
இல்லை, கப்பல்.

பிறகு அந்தப் பச்சை.
சிமியோன்: ஒரு நகரத்தின் வாசல்.
அண்ணன் தம்பிகளுக்கு மரமும் மிருகமும் சூரியனும்;
இவனுக்கு
இவன் வாளோடு நுழைந்த ஊரே சின்னம்.
தங்கைக்காக என்றான்.
அந்த அதிகாரத்தில் எல்லோரும் பேசுகிறார்கள்.
தகப்பன், தமையன்மார், கெடுத்தவன்,
கெடுத்தவனின் தகப்பன்.
தீனாள் ஒரு சொல்லும் பேசவில்லை.

சொந்தக்காரர் அபுலாஃபியா,
கொள்ளுப்பிட்டியில் இரத்தினக்கல் வாங்கி விற்பவர்.
தொலைபேசியில் கேட்டேன்: பதின்மூன்றாவது எங்கே?
"உடைந்துவிட்டதா?"
இல்லை. மகள்.
காலி வீதி பஸ்ஸின் ஹோர்ன் ஒன்று
அவர் பக்கத்தில் ஓய்ந்து அடங்கும்வரை மௌனம்.
"அவளுக்கு யன்னல் இல்லை"
என்றார், நீலக்கல்லின் உள்ளே இருக்கும் கீறலை
வாங்க வந்தவனிடம் ஒப்புக்கொள்ளும் குரலில்.

படிவத்தில் இரண்டு கட்டங்கள் உண்டு.
இறக்கும்போது குறைந்தது.
ஏற்றப்படவே இல்லை.
இரண்டாவதற்கு நட்டஈடு கிடையாது.

நாலரை மணி.
கடல் பக்கத்து வெயில் சாய்ந்து
சிமியோனின் வாசலுக்குள்ளால் புகுந்து
சீமெந்துத் தரையில் பச்சையாய் விழுந்தது.
அடைத்த கதவாகத்தான் வரைந்திருக்கிறார்கள்;
வெயிலுக்கு அது தெரியவில்லை.
ஆணியும் பலகையும் பொறுக்கிய ரிஃபாய்
அந்த இடத்தை மிதிக்காமல் சுற்றிப் போனான்.
ஏனென்று நான் கேட்கவில்லை.

கையொப்பம் வைக்க முன்
சப்பாத்தைக் கழற்றி அதற்குள் நின்றேன்.
கால்விரல் பத்தும் பச்சை.
பிறகு எழுதினேன்.
சேதம்: தாண், வால், நாலு சென்ரிமீற்றர்.
வேறொன்றும் இல்லை.