மின்தடை நாள்

மாசத்துக்கு ஒரு நாள்
காலை ஒன்பதிலிருந்து மாலை ஐந்து வரை
சோமனூர்ப் பக்கம் எங்கள் ஊரில் கரண்ட் இருக்காது.
பன்னிரண்டு தறியும் ஒரே மூச்சில் நிற்கும்.
முதல் பத்து நிமிடம் காதுக்குள் அவை ஓடிக்கொண்டேயிருக்கும்.
பிறகுதான் தெரியும்
பக்கத்துத் தோட்டத்தில் மயில் இருப்பதும்
குழாயில் தண்ணீர் சொட்டுவதும்.

அப்படி ஒரு நாளில்தான் கூப்பிட்டேன்.
சர்வின்.
சர்வின் கண்ணு.
என்ற சாமி, இங்கே பாரு.

மூன்றடி தள்ளி உட்கார்ந்திருந்தான்
காலித் தார்க்குச்சிகளை
நுனி பிசகாமல் ஒரே கோடாக அடுக்கிக்கொண்டு.
திரும்பவில்லை.

அதுவரை தறிச் சத்தத்தின்மேல் பழி போட்டிருந்தேன்.
அந்த இரைச்சலில் நாங்களே
உதட்டைப் பார்த்துத்தானே பேசிக்கொள்கிறோம்.
இப்போது பழி போட ஒன்றுமில்லை.

முதுகுக்குப் பின்னால் போய் நின்று
மிச்சர் பாக்கெட்டை மெதுவாகக் கிழித்தேன்.
சட்டென்று திரும்பினான்.
சந்தோஷப்படவா பயப்படவா என்று தெரியாமல்
பாக்கெட்டோடு நின்றேன்.

இரண்டரை வயது.
ஒன்றேகாலில் மம்மு என்றான், டாட்டா என்றான்,
லாரியைக் கண்டால் டுர் என்றான்.
எந்தக் கிழமை அதெல்லாம் நின்றது?
பாவில் ஓர் இழை அறுந்தால்
விரற்கடை ஓடுவதற்குள் தறியை நிறுத்துகிறவள் நான்.
மூன்று சொல் அறுந்தது தெரியவில்லை.

தெரியவில்லை என்பதும் பொய்.
பிஸ்கட் வேண்டுமென்றால் விரல் நீட்டமாட்டான்.
என் மணிக்கட்டைப் பிடித்து இழுத்துப்போய்
டப்பாவின்மேல் வைப்பான், குறடு எடுத்து வைப்பதுபோல,
என் முகத்தைப் பார்க்காமல்.
அதைச் சமர்த்து என்று
ஒறம்பரைகளிடம் சொல்லிச் சிரித்தது நானேதான்.

"ஆம்பளப் பையன் நெம்பப் பேர் லேட்டாத்தான் பேசுவாங்க,
நானே மூணு வயசுல பேசுனவன்" என்றார் அவன் அப்பா.
நாத்தனார் வெள்ளியில் நாக்கு செய்து
கோயிலில் வைக்கச் சொன்னாள். வைத்தோம்.
எட்டு மின்தடை நாள் போனது.
எட்டு முறையும் கூப்பிட்டுப் பார்த்தேன்.

அங்கன்வாடியில் எடை போடுகிற அன்று
நாகமணி டீச்சர் ஒரு படிவத்தை எடுத்தார்.
கேள்விகள் சின்னவை.
நீங்கள் சிரித்தால் சிரிக்கிறானா.
கை காட்டும் இடத்தைப் பார்க்கிறானா.
பொம்மைக்குச் சோறு ஊட்டி விளையாடுகிறானா.
முன்பு பேசின வார்த்தை ஏதாவது போய்விட்டதா.
அங்கே அவர் பேனா நின்றது.

நான் பாவு, இழை என்று ஏதோ ஆரம்பித்தேன்.
"புள்ள துணி இல்லீங் அம்மிணி.
பேச்சு போச்சுன்னா அன்னைக்கே வந்திருக்கோணும்.
செரி, போச்சாது.
திங்கக்கெழம கோயமுத்தூர் பெரியாஸ்பத்திரிக்குப் போங்க.
மொதல்ல காது பாப்பாங்க, பொறவு குழந்தை வளர்ச்சி டாக்டரு.
என்ன ஏதுன்னு பேரு அவங்க வெக்கட்டும்.
நாம போறதுக்குப் பேரு வேண்டீதில்ல."

காது நன்றாயிருந்தது.
மற்றதற்கு ஒரு பேர் இருந்தது.
அதைக் கேட்டபோது என் வாய் வறண்டது. அவனோ
மேஜை விசிறியின் முன் கைகளை ஆட்டிச் சிரித்துக்கொண்டிருந்தான்,
நேற்றிருந்த அதே பையன்.

வாரம் இரண்டு நாள் பயிற்சிக்குப் பஸ். வருடமாகிறது.
மம்மு திரும்பவில்லை. "தா" வந்திருக்கிறது.
ஒரே ஒரு தடவை
அதை என் கண்ணைப் பார்த்துச் சொன்னான்.

போன வாரம் கருமத்தம்பட்டியில் ஏறியவள் பக்கத்தில் உட்கார்ந்தாள்.
மடியில் இரண்டு வயதிருக்கும் பெண்குழந்தை
வளையல் ஒன்றைச் சுழற்றிச் சுழற்றிப் பார்த்துக்கொண்டு.
"எங்க பாப்பா நெம்ப அமைதிங்க" என்றாள்.
நான் கேட்டிருக்கக் கூடாதோ என்னவோ.
"பேரு சொல்லிக் கூப்ட்டா திரும்புதுங்களா?"
முகம் சுருங்கிற்று.
எழுந்து முன்சீட்டுக்குப் போய்விட்டாள்.

நீலாம்பூர் தாண்டி ஒரு சிக்னலில்
டிரைவர் இன்ஜினை அணைத்தார்.
அந்தச் சத்தமின்மையில்
மெல்லிய குரலில் ஒரு பெயர்.
இன்னொரு முறை, அதே பெயர்.
எட்டிப் பார்த்தேன்.
நின்றிருந்தவர்களின் முதுகுகள் மறைத்தன.