நான்காம் நிலை மின்வெட்டு

இரண்டரை மணிக்குச் சாட்ஸ்வர்த் அணைந்தது.
பம்பு ஒரு விக்கலோடு நின்றது.
பூபாலன் புரண்டு படுத்தான்.
மீன் அவனுடையது. கை என்னுடையது.

பால் குவளையில் மொண்டு
தோளுயரத்திலிருந்து ஊற்றுகிறேன்.
மொண்டு, ஊற்றி, மொண்டு,
ஏழடித் தொட்டிக்கு மூச்சு
இப்படித்தான் போகிறது.

கைபேசி வெளிச்சத்தில்
இஸ்திரி போட்ட தகரம்போல் வருகிறது அரோவானா.
துணைக்கு விட்ட பன்னிரண்டு சிறுமீன்களை
ஒரே வாரத்தில் தீர்த்த வாய்
பேருந்துக்குச் சில்லறை கேட்பதுபோல்
திறந்து மூடுகிறது.

ஃப்ரீசரில் அதன் மத்தி உருகிக்கொண்டிருக்கும்.
எங்கள் கோழியும்.

நாலரைக்குப் பம்பு இருமியது.
குவளை விளிம்பில் என் சுண்டுவிரலைப்
பக்கக் கண்ணால் அளந்து
வேண்டாமென்று திரும்பியது மீன்.

காலையில் ஈரத் தரையில் நின்று
ரொட்டிக்கு வெண்ணெய் தடவியபடி
பூபாலன் கேட்டான்:
"ராத்திரி கரண்ட் போச்சா?"