இருட்டுக்கு ஓர் இடம்

முதலில் வேண்டியது இருட்டு என்றாள் மெரெசின்.
எங்கள் தீவில் அது பகலில் கிடைக்காத சரக்கு.
மனேயபாவுக்குக் கூரை உண்டு, சுவர் கிடையாது.
ஊர் கூடிப் பேசும் இடத்தில்
எதை மறைக்கச் சுவர் எழுப்புவது?

கிழிந்த பாய்மரத் துணி மூன்று,
கொப்பரைச் சாக்கு பதினொன்று,
தேவாலயத்தில் இரவல் வாங்கிய நீலத் திரை.
தென்னங்கயிற்றால் இழுத்துக் கட்டினோம்.
உள்ளே நின்று
சாக்கின் இழைவழி ஒழுகும் வெயிலை
ஒவ்வொன்றாக விரலால் அடைத்துப் பார்த்தேன்.
விரல் பத்துதான்.

நான் கொப்பரை நிறுப்பவன்.
கூட்டுறவுக் கிடங்கில் இருபது வருஷம்.
ஈரக் கொப்பரையை முகர்ந்தே சொல்லிவிடுவேன்.
தராவாவில் மூன்று நாள் உட்காரவைத்து
கண்ணுக்குள் படமெடுக்கச் சொல்லிக்கொடுத்தார்கள்.
தாடையை இங்கே வையுங்கள்.
பச்சைப் புள்ளியைப் பாருங்கள்.
சிமிட்டாதீர்கள்.
எனக்குத் தெரிந்த வைத்தியம் இவ்வளவே.

'சர்க்கரை இருக்கா?'
கிடங்கு வாசலில் என்னிடம் ஆயிரம் முறை கேட்ட கேள்வி.
இப்போது நான் கேட்கிறேன்,
அதே ஆட்களிடம்.
சிலர் சிரித்தார்கள்.
கௌரே சிரிக்கவில்லை. அவனுக்கு ஒரு கால் இல்லை.

சொட்டு மருந்து விட்ட இருபது நிமிஷத்தில்
பாவை விரிகிறது.
விரிந்ததைச் சுருங்கச் சொன்னால் சுருங்காது,
சாயங்காலம் ஆகும்.
இதை யோசிக்காதது என் பிழை.
காலையிலேயே எழுபது பேருக்கும் விட்டாயிற்று.
எங்கள் மணல் பவள மணல்,
வெயில் கீழிருந்தும் அடிக்கும்.
அன்று ஒரு படகும் கடலுக்குப் போகவில்லை.
பாறைத்திட்டின் வாயைத் தூக்கத்திலும் கடந்துவிடும் இயோதெபா
என் செருப்பை மாட்டிக்கொண்டு
தன் செருப்பைத் தேடிக்கொண்டிருந்தான்.
நிழலில் ஊரே உட்கார்ந்திருந்தது,
கண்ணைக் கையால் பொத்திக்கொண்டு,
கண்ணாமூச்சியில் எல்லோரும் எண்ணுகிறவர்களாகிவிட்ட மாதிரி.
யாரோ 'நூறு!' என்று கத்த
ஒரே சிரிப்பு.

தபுவேயா மட்டும் கையை எடுத்துவிட்டாள்.
'எனக்குத் தினமும் இப்படித்தான்.'

நாலு வருஷமாக ஒருவரிடமும் சொல்லவில்லை.
பிங்கோவில் அவள் ஏன் ஜெயித்ததே இல்லை
என்று அப்போதுதான் புரிந்தது எங்களுக்கு.
பக்கத்தில் உட்காரும் பையன்
அவளுக்கும் சேர்த்துக் கட்டம் அடித்திருக்கிறான்,
தன் அட்டையைப் பார்த்து முடித்த பிறகு.

இருட்டுக்குள்
ஒவ்வொரு கண்ணாகத் திரையில் வந்தது.
ஒரே ஒரு தடவை விமானத்தில் போயிருக்கிறேன்;
அந்தி நேரத்து நீர்ப்பரப்பு மேலிருந்து அப்படித்தான் இருந்தது,
செம்மஞ்சளாக, ஓடைகள் கிளைத்து.
சிலருக்கு அதில்
தகரக் கூரையின் துருப்போலப் புள்ளிகள்.
சிலருக்குப் பால்பவுடர் சிந்தியதுபோல.
நான் ஒன்றும் சொல்லக்கூடாது.
'நன்றாக வந்திருக்கிறது' என்றேன்,
படத்தைத்தான்.

நூற்றி நாற்பது படம்
ஒரு நகத்தளவு அட்டையில் அடங்கின.
உப்புக்காற்று படாமல் அரிசிக்குள் புதைத்து
டப்பாவை மூடிக் கப்பலில் கொடுத்தேன்.
அப்புறம் கண்ணில் எண்ணெய் விட்டுக்கொண்டு காத்திருந்தோம்.

ஆறாவது வாரம் வந்தது.
முதலில் இறங்கியது சர்க்கரை,
ஐம்பது கிலோ மூட்டை, நாற்பது.
மேல்மூட்டையில் செருகி ஓர் உறை.
பதினேழு பேருக்கு லேசர் வேண்டும்.
திரும்பும் கப்பலில் இடம் ஆறு.

மெரெசின் என்னைப் பார்த்தாள்.
தராசு தெரிந்தவன் என்று நினைத்தாளோ என்னவோ.
இருபது வருஷத்தில் நான்
ஒருவருக்கும் ஒரு கிலோ குறைத்ததில்லை.
மனேயபாவின் நடுவில் நின்று பெயர்களை வாசித்தோம்.
ஆறு யார் என்பதை ஊர் பேசட்டும்.
பேசியது. ஒருத்தி எழுந்து
தன் இடத்தைத் தம்பிக்கு விட்டாள்.
கௌரே எழவில்லை.
அதற்கும் யாரும் ஒன்றும் சொல்லவில்லை.

தபுவேயாவின் பெயர் பதினேழில் இல்லை.
கடைசித் தாளில் இருந்தது:
படம் தெளிவில்லை, மறுபடி எடுக்கவும்.

மூட்டை இறக்கி முடிய ஒரு மணி நேரம் இருக்கிறது.
சாக்குகளை அவசரமாகக் கட்டினேன்,
ஓட்டைகளை அப்படியே விட்டு.
கையைப் பிடித்து உட்காரவைத்தேன்.
தாடையை இங்கே வையுங்கள்.
பச்சைப் புள்ளியைப் பாருங்கள்.

'எங்கே?' என்றாள்.